கேட்காமல் எடுத்த மீன்

அஞ்சடி அக்கா பதில்கள், பினாங்கு

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "காதல் கதைகளிலேயே எழுதக் கஷ்டமானது, ஏற்கெனவே நண்பர்களாக இருப்பவர்கள் காதலர்களாகும் கதைதான்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. வாட்ஸ்அப்பில் வந்தவை தனி. ஊறுகாய் பூசணம் பிடிப்பதைப் பற்றிக் கேட்ட அம்மா என்னை மன்னிக்க வேண்டும், அடுத்த மாதம் கட்டாயம் எழுதுகிறேன். அதுவரை ஜாடியை வெயிலில் வையுங்கள்.

கேள்வி: நானும் அவளும் பல்கலைக்கழகத்திலிருந்து நண்பர்கள், ஏழு வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு நாவல் படித்தாள். இரண்டு நண்பர்கள் கடைசியில் காதலர்கள் ஆகிற கதை. முடித்துவிட்டு என்னிடம் கொடுத்து, "நீயும் படி. ஆனா நாம அப்படி இல்ல" என்றாள். இது என்ன குறிப்பு அக்கா? மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை.
(பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

பதில்: தம்பி, மூன்று வாரத்தில் நாவலைப் படித்தீர்களா இல்லையா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. படிக்கச் சொல்லிக் கொடுத்தாள், நீங்கள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

"நாம அப்படி இல்ல" என்பதற்கு ஒரு பொருள், அப்படி இல்லை என்பது. இன்னொரு பொருள், "அப்படியோன்னு ஒரு தடவை யோசிச்சுப் பார்த்தேன்" என்பது. எது என்று லெபோ குவின் தெரு அஞ்சடியில், கடை முன் நடைபாதையில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நான் எப்படிச் சொல்வேன்? படிக்கும்போது எந்தப் பக்கத்தின் மூலை மடிந்திருக்கிறது என்று பாருங்கள். மடித்த பக்கத்தில் மீ கோரேங் செய்முறை இருந்தால் என்னைத் திட்டாதீர்கள்.

கேள்வி: நான் எழுதும் தொடர்கதையில் நாயகி முதல் அத்தியாயத்தில் நாயகனை "அண்ணே" என்று கூப்பிடுகிறாள். பிறகு காதல் வருகிறது. வாசகர்கள் ஏற்றுக்கொள்வார்களா?
(கெப்போங், கோலாலம்பூர்)

பதில்: மாட்டார்கள். முதல் அத்தியாயத்தைத் திருத்துங்கள். அவன் வயதில் மூன்றைக் குறைத்து ஒரே வகுப்பில் உட்கார வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

கேள்வி: நான் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவனும் அவளும் 13 வயதில், படிவம் ஒன்றிலிருந்து நண்பர்கள். இப்போது இருவருக்கும் 28 வயது. பெருநிலத்தில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து ஒன்றாக ஃபெரி ஏறித் தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுனுக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். பதினான்கு அத்தியாயம் முடிந்துவிட்டது, இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. பதினைந்தாவதில், வேலை முடிந்து திரும்பும்போது, ஃபெரியில், மறையும் சூரியன் இருவர் முகத்திலும் விழ, அவன் சொல்லிவிடுவதாக வைத்திருக்கிறேன். முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். சரியாக வருமா? பெயர்களை வெளியிட வேண்டாம்.
(பட்டர்வொர்த்)

பதில்: மூன்று அத்தியாயங்களையும் இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சும்மா, இரண்டாம் தடவை பேனாவோடு. முதலில் சின்னச் சங்கதிகளை முடித்துவிடுகிறேன்.

பட்டர்வொர்த்துக்குத் திரும்பும்போது சூரியன் எப்படி அம்மா முகத்தில் விழும்? படகு கிழக்கே போகிறது. சூரியன் முதுகுப் பக்கம், பினாங்கு மலைக்குப் பின்னால் இறங்குகிறது. அதுவும் நம் ஊரில் ஏழு, ஏழரைக்குத்தான். அலுவலகம் ஐந்தரைக்கு விடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நடுவில் இரண்டு மணி நேரம் இரண்டு பேரும் எங்கே இருந்தார்கள்? சூரியனை விடுங்கள், எனக்கு அதுதான் தெரிய வேண்டும். உங்கள் பதினைந்தாவது அத்தியாயமே அதுதானோ என்னவோ.

அப்புறம், கதை எந்த வருடம் நடக்கிறது? மேல்தளத்தில் காற்று அடித்து அவள் முடி பறக்கிறது, கீழே கார்கள் வரிசையாக நிற்கின்றன. அது பழைய ஃபெரி. 2020 கடைசியோடு அதில் கார் ஏற்றுவது நின்றது. 2023 ஆகஸ்டிலிருந்து ஓடும் நான்கு புதுப் படகுகளில் மோட்டாரும் சைக்கிளும் ஏறும், காருக்கு இடமில்லை, ஆட்கள் உட்காருவது ஏர்கானில். உங்கள் நாயகன் கையில் போன வருடம் வந்த ஃபோன், காலுக்குக் கீழே பழைய ஃபெரி. இரண்டில் ஒன்றை மாற்றுங்கள். என்னைக் கேட்டால் ஃபோனை மாற்றச் சொல்வேன். அந்தப் பழைய படகில் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு ஒன்றும் பேசாமல் இருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஏர்கானில் பேசாமல் இருந்தால் சண்டை என்று நினைப்பார்கள்.

பழைய ஃபெரியில் இன்னொன்றும் உண்டு, நீங்கள் அதைத் தொடவே இல்லை. காசு பட்டர்வொர்த் பக்கம் மட்டும்தான் வாங்குவார்கள். தீவுக்குப் போகத்தான் கட்டணம், திரும்பி வர ஒன்றும் கொடுக்க வேண்டாம். தினமும் காலையில் இரண்டு பேருக்கும் சேர்த்து யார் கொடுக்கிறார்கள்? இன்றைக்கு நீ, நாளைக்கு நான் என்று கணக்கா, கணக்கே இல்லையா? பதினைந்து வருட நண்பர்களிடம் கணக்கு இருக்காது. ஒரு நாள் அவள் தன் சில்லறையைத் தனியாக எண்ணி எடுத்து வைக்கட்டும். வாசகனுக்கு அங்கேயே வயிற்றில் ஏதோ புரளும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முன்பின் தெரியாத இருவர் காதலிக்கும் கதையில் தூரம் குறைந்துகொண்டே வரும். முதலில் பெயர் தெரியும், பிறகு ஃபோன் நம்பர், பிறகு வீட்டு நாய்க்கு என்ன பெயர் என்பது வரை தெரியும். அதே ஏணியை நண்பர்களுக்கும் போடுகிறீர்கள், அது நிற்காது. அவர்கள்தான் ஏற்கெனவே மேலே உட்கார்ந்திருக்கிறார்களே! அவன் அம்மா வைக்கும் ரசத்தில் உப்பு குறைவு என்று அவன் அம்மாவிடமே சொல்கிறவள் உங்கள் நாயகி. இதற்கு மேல் என்ன நெருக்கம் கூடும்? கூடாது. குறையும். நண்பர்களுக்குள் காதல் வந்தால் முதலில் வருவது தயக்கம், மரியாதை, ஓர் அந்நியத்தனம். நேற்றுவரை தோளில் அடித்துப் பேசியவன் இன்றைக்கு அரை அடி தள்ளி உட்காருகிறான். நீங்கள் எழுத வேண்டியது அந்த அரை அடியை.

திருக்குறளில் நட்பைப் பற்றி ஐந்தாறு அதிகாரம் இருக்கிறது, அத்தனையும் பொருட்பாலில். காதல் தனியாகக் காமத்துப்பாலில், 25 அதிகாரம். வள்ளுவர் இரண்டையும் கலக்கவே இல்லை, புத்திசாலி. ஆனால் 81ஆவது அதிகாரத்துக்குப் பழைமை என்று பெயர். பழைய நட்பைப் பற்றியது. அதில் கெழுதகைமை என்று ஒரு சொல் வரும். உரிமையோடு, கேட்காமல் ஒன்றைச் செய்வது, எடுத்துக்கொள்வது. நட்புக்கு உறுப்பே அதுதான் என்கிறார். அந்த உறுப்புதான் காதல் வந்ததும் முதலில் மரத்துப் போகிறது. இதை வள்ளுவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

எப்படித் தெரியும் என்றால், நானே பார்த்தேன்.

1980. பினாங்குப் பாலம் வர இன்னும் ஐந்து வருடம் இருந்தது. லெபோ பசார் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் அச்சகம். நான் மெய்ப்பு பார்ப்பவள். அவர் அச்சுக்கோப்பவர், தினமும் ஃபெரியில் வருவார். ஈய எழுத்தைப் பொறுக்கிப் பொறுக்கி விரல் நுனி சாம்பல் நிறமாகிவிடும், சோப்புப் போட்டாலும் முழுசாகப் போகாது. பகல் பன்னிரண்டரைக்கு இயந்திரம் நின்றதும் பின்பக்கம் காகிதக் கட்டுகள் மேல் உட்கார்ந்து சாப்பிடுவோம். என் டிபன் கேரியரில் பெரும்பாலும் பொரித்த கெம்போங் மீன் இருக்கும். நான் மூடியைத் திறப்பதற்குள் அவர் கை உள்ளே போய்விடும். தலைப் பக்கம் எனக்கு, வால் பக்கம் அவருக்கு. இரண்டு வருடமாக இதுதான். ஒரு நாள்கூடக் கேட்டது கிடையாது. நான் லீவில் இருந்த நாட்களில், "அவளும் வரலை, மீனும் வரலை" என்று முதலாளியிடம் புலம்புவாராம்.

ஒரு செவ்வாய்க்கிழமை. கேரியரைத் திறந்தேன். கை வந்தது, பாதியில் நின்றது. "எடுத்துக்கட்டுமா?" என்றார்.

மீன்தான் கெட்டுப்போய்விட்டதோ என்று எடுத்து மோந்து பார்த்தேன். சத்தியமாக. மோந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்று நிமிர்ந்தேன். அவர் மீனைப் பார்க்கவில்லை. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார், ஏற்கெனவே துடைத்த கையை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பிற்பகல் ஒரு திருமண அழைப்பிதழுக்கு மெய்ப்பு பார்த்தேன், மணமகள் பெயரிலேயே பிழையை விட்டுவிட்டேன். முந்நூறு அட்டை வீண். சம்பளத்தில் பிடித்தார்கள்.

அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்காதீர்கள். கேள்வி உங்கள் நாவலைப் பற்றியது.

உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் ஓர் இடம் இருக்கிறது. அவன் அவளுடைய பேக்கைத் தானே திறந்து, சார்ஜரைத் தேடி, நடுவில் அகப்பட்ட பாதி சாப்பிட்ட பிஸ்கட்டையும் வாயில் போட்டுக்கொள்கிறான். அருமை. அதை நீங்கள் சும்மா கலகலப்புக்காக எழுதியிருக்கிறீர்கள் போல, ஏனென்றால் அடுத்த பக்கமே மழை வந்துவிடுகிறது. (மூன்று அத்தியாயத்தில் நான்கு மழை. பினாங்கில் மழை பெய்யும்தான், ஆனால் இவர்களுக்கு மட்டும் இப்படிப் பெய்யாது.) அந்தப் பேக்கை மறந்துவிடாதீர்கள். ஒன்பதாம் அத்தியாயத்தில் அதே அவன், அதே பேக், "திறக்கலாமா?" என்று கேட்கட்டும். வசனம் வேறு வேண்டாம். அவள், "என்ன புதுசா கேக்கிற?" என்று சிரிக்கட்டும். சிரித்துவிட்டு அன்று இரவு தூங்காமல் கிடக்கட்டும்.

தைப்பூசத்தையும் வைத்திருக்கிறீர்கள், நல்லது, ஆனால் தேரை மட்டும் இரண்டு பக்கம் வர்ணித்துவிட்டீர்கள். வெள்ளித் தேர் லெபோ பினாங்கிலிருந்து புறப்படுவதும், வழியெல்லாம் தேங்காய் உடைவதும், தண்ணீர்மலை முருகன் கோவிலில் 513 படி ஏறுவதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். இவர்கள் இரண்டு பேரையும் ஒரு தண்ணீர்ப் பந்தலில் நிறுத்துங்கள். விடியற்காலையிலிருந்து ரோஸ் சிரப் ஊற்றி ஊற்றிக் கையெல்லாம் பிசுபிசுப்பு. போன வருடம் அவள் வியர்வையை அவன்தான் துண்டால் துடைத்துவிட்டான், குழந்தைக்குத் துடைப்பது மாதிரி, முரட்டுத்தனமாக. இந்த வருடம் துண்டின் ஒரு நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு மறு நுனியை அவளிடம் நீட்டுகிறான். பக்கத்தில் கரண்டி பிடித்து நிற்கும் அத்தை ஒருத்தி அதைப் பார்த்துவிடுகிறாள். நம் ஊர் அத்தைகள் அதைப் பார்க்காமல் விடுவார்களா?

சரி, வாயைத் திறப்பது எப்போது? அவனாகச் சொல்ல வேண்டியதில்லை. வெளியாள் ஒருவர் தெரியாமல் கேட்டுவிடட்டும். இருவரும் வழக்கமாகப் போகும் நாசி கண்டார் சோற்றுக் கடை, இத்தனை வருடமாக ஒரே பொட்டலமாகக் கட்டி வாங்கிக்கொண்டு போய்ப் பிரித்துச் சாப்பிடுகிறவர்கள். கடையில் புது ஆள். "ஒண்ணா கட்டவா, தனித்தனியாவா?" என்று கேட்கிறார். அவன் "ஒண்ணா" என்கிறான். அவள் அதே நேரத்தில் "தனியா" என்கிறாள். வரிசையில் பின்னால் இருபது பேர், கரண்டியில் கறிக்குழம்பு சொட்டுகிறது, கடைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறார். இதுதான் உங்கள் பதினைந்தாவது அத்தியாயம். சூரியன் வேண்டாம்.

அவள் ஏன் "தனியா" என்றாள் என்பதை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பயம்தான். முன்பின் தெரியாதவனிடம் மாட்டேன் என்று சொன்னால் ஓர் ஆள் குறைவான், அவ்வளவுதான். நண்பனிடம் சரி என்று சொல்லி நாளைக்கு அது சரிப்பட்டு வராவிட்டால் காதல் மட்டும் போகாது, மீனும் போய்விடும். காலையில் ஃபெரியில் பக்கத்தில் நிற்க ஆள் இருக்காது. இந்தப் பயத்தைத்தான் உங்கள் மூன்று அத்தியாயங்களிலும் காணவில்லை. அவர்களுக்கு எதிரி என்று ஒரு பணக்கார முறைப்பையனைக் கொண்டுவந்திருக்கிறீர்கள், சிங்கப்பூரில் வேலை, வெள்ளைக் கார். அவனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், பாவம்.

முடிவு? அவர்கள் சேர்ந்தால், கல்யாண மண்டபத்தில் முடிக்காதீர்கள். கேட்காமல் எடுக்கும் கை மறுபடி வருகிற அன்றைக்கு முடியுங்கள். அது தாலி கட்டிய மறுநாளே வராது, சில பேருக்கு ஒரு வருடம்கூட ஆகும். மீதி அத்தியாயங்களையும் அனுப்புங்கள், மழையைக் குறைத்துவிட்டு.

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. கூட வேலை செய்யும் பையனை "மச்சான்" என்றுதான் கூப்பிடுகிறாள். அதைக் கேட்டுவிட்டு என் மாமியார், "பேசி முடிச்சிட்டீங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல" என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. மகளோ எப்போது பார்த்தாலும் காதல் நாவல் படிக்கிறாள். நான் கவலைப்பட வேண்டுமா?
(ஜெலுத்தோங், பினாங்கு)

பதில்: உங்கள் மாமியார் மேல் தப்பே இல்லை. அவர் காலத்தில் ஒரு பெண் மச்சான் என்று கூப்பிட்டால் அவன் மாமன் மகன், கட்டிக்கொள்ளும் முறை. இன்றைக்குப் பந்து விளையாட வருகிறவன் மச்சான், மோட்டார் பஞ்சரானால் தள்ளுகிறவன் மச்சான், ஐம்பது வெள்ளி கடன் வாங்கிவிட்டு ஃபோன் எடுக்காதவனும் மச்சான். ஆண்கள் வைத்துக்கொண்டிருந்ததைப் பெண்பிள்ளைகளும் எடுத்துக்கொண்டார்கள். மாமியாருக்கு இதைச் சொல்லி முதலில் பசியாற வையுங்கள்.

மச்சான் என்று சத்தமாகக் கூப்பிடுகிறவரை உங்களுக்கு வேலை இல்லை. ஒரு நாள் அவன் பெயரை, முழுப் பெயரை, குரல் கொஞ்சம் இறங்கிச் சொன்னாள் என்றால் அப்போது எனக்கு எழுதுங்கள்.

எங்கள் வீட்டு வரிசையில் ஒரு பெண் இப்படித்தான். பள்ளிக்கூடத் தோழனைக் கட்டிக்கொண்டாள். பத்து வருடமாக "டேய்". நிச்சயம் ஆன அன்றே மாமியார் அழைத்து, "இனிமே டேய் போடக் கூடாது, பெரியவங்க காதுல விழுது" என்று சொல்லிவிட்டார். "என்னங்க" அவளுக்கு வாயில் வரவில்லை, சிரிப்பு வருகிறது. இரண்டு மாதம் அவனை எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை. வேண்டும் என்றால் போய் எதிரே நிற்பாள், அல்லது பாத்திரத்தைத் தட்டுவாள். இப்போது ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறார்கள்: கூடத்தில் "என்னங்க", சமையலறையில் "டேய்". சமையலறை ஜன்னல் என் வீட்டுப் பக்கம் என்பதால் எனக்குத் தெரியும்.

நாவல் படிப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். முடித்ததும் உங்களுக்கும் ஒன்று கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆணும் பெண்ணும் கடைசிவரை நண்பர்களாகவே இருந்துவிடும் நாவலைத் தமிழில் எழுதினால் யாராவது படிப்பார்களா?
(செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: நான் எழுதியிருக்கிறேன். பத்திரிகையில் 22 வாரம் தொடராக வந்தது. கடைசி வாரம் அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான், இவள் மொய் எழுதும் மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தாள், சந்தோஷமாகவே. வாசகர்கள் விடவில்லை. "எங்களை 22 வாரம் ஏமாற்றிவிட்டீர்கள்" என்று எழுதினார்கள். தோட்டத்திலிருந்து ஒருவர் தானே 23ஆம் அத்தியாயத்தை எழுதி, இருவரையும் சேர்த்து வைத்து, ஒன்பது பக்கம், திருப்பி அனுப்பத் தபால்தலை வேறு வைத்து அனுப்பியிருந்தார். திருப்பி அனுப்பவில்லை. இன்னும் வைத்திருக்கிறேன். சொல்லக் கூடாது, என் முடிவைவிடக் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

எனக்கென்னவோ, நம்மிடம் இதற்குப் பழைய அச்சு இல்லை என்று தோன்றுகிறது. அகப்பாட்டில் தலைவிக்குத் தோழி உண்டு, தலைவனுக்குப் பாங்கன் என்று ஒரு தோழன் உண்டு. தலைவனுக்கு ஒரு தோழி, வெறும் தோழி, அவனோடு உட்கார்ந்து வாய்க்கு வந்ததைப் பேசுகிறவள், அவளுக்கு அங்கே பாயே விரிக்கவில்லை. எந்தத் திணையில் வைப்பது? பாலையிலும் வைக்க முடியாது, அவள் ஒன்றும் பிரிந்து அழவில்லை. அதனால் ஆணும் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்தாலே வாசகர் காதல் என்று எடுத்துக்கொள்கிறார். எழுதுங்கள். கோபக் கடிதம் வரும். கோபக் கடிதம் எழுதுகிறவர்தான் எல்லா வாரமும் படித்தவர்.

பி.கு.: இந்தப் பக்கம் அச்சுக்குப் போகும் முன் எங்கள் வீட்டில் ஒருவர் மெய்ப்பு பார்ப்பார். பழைய அச்சகப் பழக்கம் விடவில்லை. இன்று காலை படித்துவிட்டு, பேச்சுவாக்கில் என் தட்டிலிருந்த வடையில் பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, ஓர் இடத்தில் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தார். அது கெம்போங் இல்லையாம், செலார் மீனாம். ஆசிரியருக்குச் சொல்லிவிடுகிறேன், திருத்த வேண்டாம். கெம்போங்தான். பொரித்தவள் நான்.